நடுவர் மேடத்தின் தோளில் அம்மணி

பயந்தவர்களை வழிக்குக் கொண்டுவருவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். போத்தனூரில் பல் டாக்டராக இருக்கிறேன். என்னைப் பார்த்ததும் கதவுப் பக்கம் நகர்கிறவர்கள்தான் எனக்குத் தினமும் வாய்க்கிறார்கள். அவர்களையே பேசிப் பேசி வாயைத் திறக்க வைத்துவிடுகிறேன், ஒரு குதிரை எந்த மூலைக்கு என்று நினைத்தேன். (தப்பு என்று சொல்ல என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். சொல்லவும் செய்தார். அவர் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?)

என் பள்ளித் தோழி ஷகீலா அன்னூர் பக்கம் குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறாள். முதுகுவலிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, நாற்பதைத் தாண்டிய வயதில் அவளிடம் போய் சவாரி கற்றுக்கொண்டேன். (முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. இப்போது முழங்காலும் சேர்ந்துகொண்டது.) ஒருநாள் அவள் லாயத்துக்கு ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை வந்து இறங்கியது. யாரோ வைத்துக்கொள்ள முடியாமல் அவிழ்த்துவிட்ட குதிரைகளுக்குச் சாலையோரத்தில் பிறந்து, குப்பை மேய்ந்து வளர்ந்தது. லாரிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்ததை மீட்பு ஆட்கள் படாத பாடு பட்டு மடக்கி வந்திருந்தார்கள். மனிதக் கை அதன் மேல் பட்டதே இல்லை.

என் கணவர் பிரபு வேலிக்கு வெளியே நின்று, "ஏனுங்க அம்மணி, சாப்புட்டீங்களா?" என்று மரியாதையாக விசாரித்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"லாயத்துல இடமில்லடி," என்றாள் ஷகீலா. "சனங்களோட பழகலைன்னா ஆனைமலைப் பக்கம் ஒருத்தர் தோப்புல மேய விடறேங்கறாரு. அனுப்பிப்போட வேண்டியதுதான்."

"நான் பழக்கறேன்," என்றேன். "போட்டிக்கே கூட்டிட்டுப் போறேன், பாரு."

ஷகீலா சிரித்தாள். பிரபுவும் சிரித்தார். அம்மணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தொலைவில் ஒரு மூலையில் நின்று என்னைக் கொலைகாரியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காரட்டோடு உள்ளே போனேன். நோயாளிகளிடம் பேசும் அதே குரலில், "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமே பண்ண மாட்டேன்" என்றேன். அந்தக் குரலை நம்பாத முதல் ஜீவன் அவள்தான். நான் ஓரடி வைத்தால் அவள் பத்தடி ஓடினாள். நான் சுற்றிவளைக்கப் பார்த்தேன். அவளை அல்ல, அவள் மிதித்துக் குழப்பியிருந்த சேற்றைத்தான் கட்டிப்பிடித்தேன். அந்த வாரமே, பால் கொண்டுவந்தவர் கையிலிருந்த குடையைப் பார்த்து மிரண்டு வேலியை ஒரு பக்கம் உடைத்தும் போட்டாள்.

"சும்மா இருடி," என்றாள் ஷகீலா.

"சும்மாதானே இருக்கேன்?"

"நெசமாவே சும்மா இருக்கணும். ஒரு சேரைப் போட்டு உக்காரு. அவளைப் பாக்காத. பேசாத. முக்கியமா, பேசாத."

நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நடுவில் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தினமும் காலையில் கிளினிக் திறப்பதற்கு முன்னால் இதுதான் வேலை. போத்தனூரிலிருந்து அன்னூர் வரை கார் ஓட்டிப் போய், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவேன். "இதை நம்ம ஊட்டுலயே செய்யலாமே," என்பார் பிரபு.

ஒரு காலையில் அப்படியே தூங்கிவிட்டேன். பிடரியில் சூடான காற்று பட்டு விழித்தேன். என் தோளில் ஒரு கனமான தாடை இறங்கியது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக்கூடக் கை எடுக்கவில்லை. மெல்ல அவள் நெற்றியைச் சொறிந்தேன். ஓடவில்லை.

அதன் பிறகு எல்லாம் அந்த நாற்காலியை வைத்தே நடந்தது. கழுத்துக் கயிறோ சேணமோ, எதுவானாலும் முதலில் நாற்காலி மேல் வைத்து அவள் முகர்ந்து பார்த்த பிறகுதான் அவள் மேல் ஏறும். சவாரி முடிந்ததும் நான் இறங்கி நாற்காலியில் உட்காருவேன். அவள் வந்து தோளில் தாடையை வைப்பாள், நெற்றியைச் சொறிந்துவிடுவேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. நீல நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம், இதை நானே என் கையால் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்பது மட்டும் என் படித்த மூளைக்கு எட்டவில்லை.

போட்டி வந்தது. கோவைக்கு வெளியே ஒரு மைதானத்தில், புதிய குதிரைகளுக்கானது. நீள்சதுரமாகத் திடல், சுற்றிலும் தாழ்வான வெள்ளைப் பலகை. உள்ளே நேராக வந்து, நடுவில் நின்று, நடுவருக்குத் தலைகுனிந்து வணக்கம் சொல்லி, பிறகு வட்டமடித்து மெது ஓட்டம் காட்டவேண்டும். "கூட்டத்துல அவ நிக்கறாளான்னு பாப்போம்," என்றிருந்தாள் ஷகீலா. "நின்னா இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா ஆனைமலைதான்." முதல் நாள் இரவு நான் சாப்பிடவில்லை.

நடுவருக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆடிக் காற்று அதைக் காலையிலேயே பிய்த்துப் போட்டுவிட்டது. ஆகவே ஊட்டியிலிருந்து வந்திருந்த நடுவர் மேடம், திடலின் அந்தக் கோடியில் வெட்டவெளியில், தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார். எதில் உட்கார்ந்திருந்தார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அம்மணி அழகாக உள்ளே வந்தாள். நடுவில் சிலை மாதிரி நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடிவாள வாரை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையைத் தொங்கவிட்டு, நன்றாகக் குனிந்து வணங்கினேன்.

நிமிர்ந்தபோது நடுவர் மேடம் முன்பு இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தார்.

"அம்மணி, நில்லு," என்று பல்லைக் கடித்தேன். வாரை இழுத்தேன். நடுவர் மேடம் இன்னும் பெரிதானார். வெள்ளைப் பலகையை அம்மணி சேலையைத் தூக்கிப் பிடித்துப் படி தாண்டுகிறவளைப் போல நாசூக்காகத் தாண்டினாள். மதிப்பெண் எழுத வந்த பெண் பேனாவோடு எழுந்து ஓடினாள். நடுவர் மேடம் மட்டும் ஓடவில்லை. அம்மணி அவர் தோளில் தாடையை இறக்கி, பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். தொப்பி விழுந்தது. காலையில் தின்ற பச்சைப் புல் வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

திடலைத் தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கம், மணி அடிக்கவேண்டும். மேடத்தின் மடியிலிருந்த அந்த மணி அம்மணியின் கழுத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது.

"இவளுக்கு என்ன வேணும்?" என்று அசையாமலே கேட்டார் மேடம்.

"நெத்தியச் சொறிஞ்சு விடணுமுங்க," என்றேன், மேலே உட்கார்ந்தபடி.

அவர் சொறிந்தார். அம்மணி ஒரு பின்னங்காலைத் தளர்த்திக்கொண்டு, ஏறக்குறையத் தூங்கியே போனாள். அடுத்த போட்டியாளர் வாசலில் காத்திருந்தார். மைதானமே எழுந்து நின்று பார்த்தது. பிரபுதான் துணிந்து கிட்டே வந்தார். "ஏனுங்க மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க செத்த எந்திரிச்சீங்கன்னா அவளும் வந்துருவாளுங்க."

மேடம் எழுந்தார். அம்மணி கண்ணைத் திறந்தாள். மேடமே வெளிவாசல் வரை அவள் கூடவே நடந்து வந்தார். நான் சேணத்தின் மேல், கோயில் யானை மேல் வைத்த குடம் மாதிரி, எதற்கும் பயன்படாமல் வந்தேன்.

"மன்னிச்சுக்குங்க மேடம்," என்றேன்.

"எத்தனை நாளா பழக்கறீங்க?"

சொன்னேன். அவர் சட்டையைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். "அடுத்த வாட்டியும் கூட்டிட்டு வாங்க. நான் நின்னுக்கறேன்."

வாசலில் ஷகீலா நின்றிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "போன வருஷம் ஒரு குடையப் பாத்து வேலிய ஒடச்சவடி," என்றாள். "இன்னைக்கு முன்னப்பின்ன தெரியாதவங்க தோள்ல தூங்கறா!" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனைமலைக்காரருக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் இந்தக் கதை பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. கல்யாண மண்டபத்தில் மணமக்களைப் பார்க்காமல் நேராகப் பந்திக்குப் போகிற என் சின்ன மாமனாரைப் பார்த்து, "அதோ, அம்மணி கெளம்பிட்டாங்க!" என்று இன்றைக்கும் யாராவது குரல் கொடுக்கிறார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை, முதல் பந்தியை விடுவதுமில்லை.

அதற்கு அடுத்த போட்டியில் அம்மணி எல்லா வட்டங்களையும் முடித்தாள். மேடம் சொன்னபடியே நின்றார். நாங்கள் கடைசி இடமில்லை, கடைசிக்கு முந்தைய இடம். நான் அதை எல்லோரிடமும் சொல்கிறேன். எங்களுக்குப் பின்னால் வந்த குதிரைக்கு அன்றைக்குக் கால் சுளுக்கு என்பதை என் கணவர் எல்லோரிடமும் சொல்கிறார்.