மஞ்சள் தலை வம்சம்

விஜயதசமிக்கு மறுநாள் காலை எலிக்கூடத்தின் கதவைத் திறந்த மெஹ்னாஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். இருபத்துநான்கு வெள்ளெலிகளின் தலையிலும் மஞ்சள்.

மஞ்சள் பன்னிரண்டு தலைகளில்தான் இருக்க வேண்டும்.

"ஜெயக்கொடி அக்கா! என்ன இது?"

"ஆயுத பூஜை மேடம்." போன வருடம் வேலைக்குச் சேர்ந்து எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெயக்கொடி பெருமையாகச் சொன்னாள். "தராசு, கத்திரி, ஃப்ரீசர், எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். இதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? இதுங்களாலதான நம்ம பொழப்பே ஓடுது."

"கூண்டாவது மாறாம விட்டீங்களா?"

"கூண்டு கழுவணும்ல? எல்லாத்தையும் ஒரே பக்கெட்டுல போட்டு, அப்பால பிரிச்சு வுட்டேன். கூண்டுக்குப் பன்னெண்டு. எண்ணிப் பாத்துக்க மேடம்."

மெஹ்னாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தாம்பரத்தை ஒட்டிய அந்த ஆய்வகத்தில் அவளுடைய நான்கு வருடங்கள் அந்தப் பன்னிரண்டு தலைகளில் இருந்தன. ஃப்ளூ வைரஸை மூக்கில் சொட்டு விட்டால் எலி ஒரு வாரத்தில் செத்துப்போகும். எல்லாம் அப்படித்தான் செத்தன. போன வருடம் ஒரே தாய்க்குப் பிறந்த நான்கு மட்டும் சாகவில்லை. காய்ச்சலை எதிர்க்கும் மரபணு அந்தக் குடும்பத்தில் ஓடுகிறது என்று வழிகாட்டி பட்டாபிராமன் துள்ளினார். "நல்ல காரியத்தை விஜயதசமி அன்னிக்கு ஆரம்பின்னு சொன்னேனா இல்லியா?"

அந்த நான்கின் வாரிசுகள்தான் இந்தப் பன்னிரண்டு. அடையாளத்துக்குத் தலையில் மஞ்சள் சாயம். மற்ற பன்னிரண்டும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரண எலிகள். இன்னும் பன்னிரண்டு நாளில் நிபுணர் குழு வரும். எலிகளைக் காட்டினால் முனைவர் பட்டம். காட்டாவிட்டால் ஆராய்ச்சி அத்தோடு முடியும். ராஜகீழ்ப்பாக்கத்தில் அம்மா ஜெய்னப் கல்யாண மண்டபம் வரை விசாரித்து வைத்திருந்தாள்.

சாயம் சோப்புக்குப் போகாது, பூஜை மஞ்சள் போகும். மெஹ்னாஸ் சோப்பை எடுத்தாள். நுரை பட்டதும் இருபத்துநான்கு தலைகளும் செக்கச்செவேல் என்று ஆயின.

"இப்பத்தான் லட்சணமா கீது," என்றாள் ஜெயக்கொடி. "குங்குமமும் வெச்ச மாதிரி."

பூஜையில் மிஞ்சிய எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார்கள். சிவப்பு மறுபடியும் மஞ்சளாகி முதுகு வரை வழிந்தது. மூன்று எலிகள் மெஹ்னாஸின் விரலைக் கடித்தன.

"மருதாணி வெக்கிற விரலுடி!" என்று போனில் அலறினாள் ஜெய்னப்.

பட்டாபிராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே வழிதான்மா. எல்லாத்துக்கும் வைரஸ் குடுத்துடு. சாகாம நிக்கிறது நம்ம வம்சம்."

ஃப்ரீசர் கதவில் போன வருடத்துப் பொட்டின் மேலேயே இந்த வருடத்துப் பொட்டு இருந்தது. உள்ளே வைரஸின் கடைசிக் குப்பி. ஒவ்வொரு மூக்கிலும் சொட்டு விட்டாள்.

பிறகு காத்திருந்தாள். பனி மூடிய ஏதோ ஒரு தூர தேசத்து ரயில் நிலையத்தில், வராத ரயிலுக்காக உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பன்னிரண்டு உயிர்கள் போக வேண்டும் என்று தொழுகையில் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டாள்.

எட்டாம் நாள் ஒரு எலி தும்மியது. மெஹ்னாஸ் நம்பிக்கையோடு ஓடினாள். மூக்கில் உமி.

பத்தாம் நாள் இருபத்துநான்கும் கொழுத்திருந்தன.

"எல்லாமே எதிர்ப்பு எலியா?" பட்டாபிராமனின் குரலில் ஒரு நொடி பட்டாசு வெடித்தது.

"இல்ல சார். வைரஸ் செத்துப்போயிருக்கு."

"எப்படிம்மா சாகும்? குளிர் போய் ஒரு நாள் பூரா கிடந்தாத்தான் அது சாகும். ஃப்ரீசர் ஓடிட்டுத்தானே இருக்கு?"

"போகட்டும் சார்," என்றாள் மெஹ்னாஸ். "போன வருஷத்து நாலும் பொய்யில்லையே. அது போதும். அதுங்க வம்சம் இதுக்குள்ளதான் இருக்கு. குழுகிட்ட டைம் கேப்போம்."

கூண்டுக்கு உமி போட்டுக்கொண்டிருந்த ஜெயக்கொடி நிமிர்ந்தாள்.

"ஃப்ரீசர் நல்லாத்தான் ஓடுது சார். ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும், மிஷினுக்கும் ஒரு நாள் லீவு வோணாமான்னு ஆஃப் பண்ணி, கதவத் தொறந்து வெச்சிருவேன். போன வருசமும் அப்டித்தான் வெச்சேன், மறுநாளு காலைல நீங்க வந்து அந்த நாலு எலிக்குச் சொட்டு வுட்டீங்களே!"