இடது மரை

நட்டு மறுபடியும் கழன்றிருந்தது.

டீச்சர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி அதையே பார்த்தாள். நேற்று மாலை நட்டின் மேலும் குழாயின் மேலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தாள். காலையில் பள்ளிக்கு ஓட்டிப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், கோட்டின் ஒரு பாதி இங்கே, மறு பாதி அங்கே. பிசிக்ஸ் நடத்துகிறவளிடமே ஒரு நட்டு தன்னிஷ்டத்துக்கு நடந்துகொள்வதா?

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் கார் பந்தயம். நாற்பத்து நான்கு வயதில் முதல் முறையாகப் பெயர் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை வண்டியைப் பரிசோதிப்பார்கள். ஒரு நட்டு ஆடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லிங்கை அவளே செய்து மாட்டியிருந்தாள். ஒரு குழாய், இரண்டு முனையிலும் ராட் எண்ட் என்கிற இரும்புக் கண். ஒன்றின் திருகு வலது மரை, மற்றதன் திருகு இடது மரை. அப்போதுதான் குழாயைத் திருப்பினால் லிங்க் நீளும், குறையும். நீளம் சரியானதும் முனைக்கு ஒரு லாக் நட் போட்டு இறுக்க வேண்டும். வலது மரை நட்டு பாறை மாதிரி இருந்தது. நாளுக்கு நாள் இன்னும் இறுகுகிறதோ என்றுகூடத் தோன்றியது. வம்பெல்லாம் இடது மரையில்தான்.

நட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதை வாங்கிய உதிரிபாகக் கடைக்குப் போனாள்.

"சார் வரலையா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"சார் எதுக்கு? வண்டி என்னுது."

"அதுக்கில்ல. இது இடது மரை. பழக்கமில்லாதவங்க கை வெச்சா, இறுக்கறதா நினைச்சுக் கழட்டிடுவாங்க."

டீச்சருக்குக் காதுவரை சுட்டது. "இடப்பக்கம் திருப்பினா இறுகும், வலப்பக்கம் திருப்பினா கழலும். இதை நான் வகுப்புல பாடமா எடுக்கறேன். எனக்கா பழக்கமில்ல?"

அவர் இன்னும் கனமான நட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

இரவுச் சாப்பாட்டில் மேஜையே அதிர்ந்தது. "ஓடற ஓட்டத்துல லிங்க் கழண்டா என்ன ஆகும் தெரியுமா? சக்கரம் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன்."

கணவருக்கு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் விபத்துப் பிரிவு. நாள் முழுக்க நொறுங்கிய கார்களின் படங்களைப் பார்க்கிற வேலை. ஒரு நிமிடம் அவர் கை தட்டிலேயே நின்றது. பிறகு, "தண்ணி கொஞ்சம் எடு" என்றார்.

அவ்வளவுதான். வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்டவள் அவள்தான். கை வைக்காதே என்றால் வாயும் திறக்கக் கூடாதா? இருபது வருஷம் கூட இருந்த மனிதருக்கு, கொஞ்சம் பயமாவது வர வேண்டாமா? எதிரில் அத்தை, கணவரின் அம்மா, மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை, கனமான நட்டு அரைச்சுற்று கழன்றிருந்தது.

"எங்க கடையில இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்ததில்ல மேடம்."

"வந்தவங்க யாரும் உயிரோட இல்லையோ என்னவோ."

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் இருப்பதிலேயே விலை கூடிய ராட் எண்டும், கெட்டிப்படுத்திய நட்டும், மரையில் தடவும் பசையும் வாங்கிக்கொண்டு வந்தாள். முழு பலத்தையும் போட்டு இறுக்கினாள். அன்று சாப்பாட்டில் இன்னும் சத்தமாகவே சொன்னாள்: "இதுவும் கழண்டா என் உயிருக்கு நான் உத்தரவாதம் இல்ல."

கணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

வெள்ளிக்கிழமை மாலை நட்டு மரையின் ஓரத்துக்கே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. பசை தூளாக உதிர்ந்து கிடந்தது.

டீச்சர் உள்ளே வந்து, கடைக்காரரை மோசடிக்காரர் என்று படம் போட்டு விளக்கி இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினாள். அடுத்த தாளில், பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிடும்படி ஒரு வரி. அதை எழுதும்போதுதான் கண் கலங்கியது. கணவர் இன்னும் அலுவலகத்திலிருந்து வரவில்லை. அத்தை எதிரே உட்கார்ந்து தைலப் புட்டியைத் திறந்தாள்.

"என்னம்மா, அழறியா?"

"அழாம என்ன செய்யறது அத்தை? கடைக்காரன் ஏமாத்தறான். சரி, அவன் யாரோ. உங்க பிள்ளைக்கு என்ன? நாலு நாளா தொண்டை கிழியக் கத்தறேன். நட்டு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? என் மேல அக்கறை இருந்தா இப்படி இருப்பாரா?"

அத்தை கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லக் கூடாதுன்னான், ஆனா நீ இப்படிப் பேசினா மனசு கேக்கலம்மா. தினம் காலைல நீ குளிக்கப் போனதும் அவன் வண்டிக்கு அடியில போய் ரெண்டு நட்டையும் ஒரே மாதிரி வலப்பக்கமா இறுக்கறான். அந்தப் பக்கம் அசையவே அசையாது, இந்தப் பக்கம் 'டக்'னு ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டப்புறம்தான் அவனுக்கு நிம்மதி, டார்ச் பிடிச்சே என் மணிக்கட்டு போச்சு."