டொக்டர் பிள்ளைக்கு ரத்தம் காணாதாம்

கொஞ்ச மாசத்துக்கு முன்னாலை ஒரு சனிக்கிழமை எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். பருத்தித்துறைப் பக்கம் ஒரு ரத்ததான முகாம். அங்கை போய், ரத்தம் குடுக்கிறதைப் பற்றிச் சனத்துக்கு விளங்கப்படுத்திப்போட்டு வரவேணும். அவ்வளவுதான்.

நான் மருத்துவபீடத்திலை மூண்டாம் வருசம். எங்கடை பட்ச்சிலை ரத்ததானத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ. ஆர் குடுக்கலாம், ஆர் குடுக்கேலாது, குடுத்தது எப்ப திரும்ப ஊறும், எல்லாம் ஒப்பிப்பம். "சரி, உங்களிலை ஆராவது குடுத்திருக்கிறியளோ?" எண்டு கேட்டால் மட்டும் எல்லாருக்கும் திடீரெண்டு லெக்சர் இருக்கும்.

எனக்கும் இருந்தது.

கடற்கரைக்குக் கிட்ட ஒரு மீனவர் சங்க மண்டபம். வெளியிலை குழாய் ஸ்பீக்கர் கட்டி, சங்கத் தலைவர் கையிலை மைக்கோடை நிண்டவர். அவருக்கு மைக் எண்டால் உயிர். "வாங்கோ பிள்ளை" எண்டதையே மைக்கிலைதான் சொன்னவர்.

நானும் சிநேகிதி நிரோஜாவும் துவங்கினம். நான் நல்லாக் கதைப்பன், சும்மா சொல்லக்கூடாது. "பயப்பிட ஒண்டுமில்லை. எறும்பு கடிச்ச மாதிரித்தான். உங்கடை ரத்தத்தாலை ஒரு உயிர் பிழைக்கும்!"

சனம் கேட்டுது. தலையாட்டிச்சுது. ஒருத்தரும் எழும்பேல்லை.

ரத்தவங்கியிலை இருந்து வந்த நேர்ஸ் மிஸ்ஸி கையைக் கட்டிக்கொண்டு நிண்டவா. "ஆஸ்பத்திரியிலை ரத்தம் முடியப்போகுது தங்கச்சி. வெறும் பெட்டியோடை திரும்பிப் போகேலாது" எண்டு என்ரை காதுக்குள்ளை சொன்னா.

அப்பத்தான் முன்கதிரையிலை இருந்த புவனேசக்கா வாயைத் திறந்தா. மீன் சந்தையிலை யாவாரம் செய்யிறவா. குரலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

"அதுசரி பிள்ளை, நீர் குடுத்திட்டீரோ?"

மண்டபம் முழுக்க என்னைப் பாத்துது. நிரோஜா சுவரைப் பாத்தாள்.

"ஓம்... இல்லை... இண்டைக்குத்தான்! இப்ப குடுக்கப்போறன்!"

வாயிலை வந்திட்டுது. இனி விழுங்கேலுமே?

மிஸ்ஸி என்ரை விரலிலை குத்தி, ஒரு துளி ரத்தத்தை நீலத் தண்ணிக்குள்ளை விட்டா. ரத்தத்திலை தேவையான அளவு இரும்புச்சத்து இருந்தால் துளி அடிக்குப் போகும். சனம் சுத்தி நிண்டு எட்டிப் பாக்குது.

என்ரை துளி அடிக்குப் போகேல்லை. ஒய்யாரமா மேலை நிண்டுது.

"மிதக்குது! மிதக்குது!" எண்டு தலைவர் கைதட்டினவர். எல்லாரும் சேர்ந்து தட்டிச்சினம். கடலுக்குப் போற சனத்துக்கு மிதந்தால் நல்ல செய்திதானே!

"இல்லை ஐயா, மிதந்தால் ரத்தம் காணாது, குறைவு. தங்கச்சி குடுக்கேலாது" எண்டா மிஸ்ஸி.

கைதட்டு நிண்டுது.

"மெய்யே? டொக்டருக்கே ரத்தம் இல்லையோ?" எண்டா புவனேசக்கா.

மேசைக்குக் கீழை போய் இருக்கலாமோ எண்டு நான் யோசிச்சுக்கொண்டு நிக்க, தலைவரின்ரை முகம் வாடிப்போச்சு. நல்ல மனுசன். ஏதாவது செய்யவேணும் எண்டு அவருக்குப் பட்டிருக்கு. மைக்கைத் தூக்கினார்.

"அன்பான ஊர்மக்களே! எங்கடை மண்டபத்துக்கு வந்த டொக்டர் பிள்ளைக்கு ரத்தம் காணாதாம்! பிள்ளை இப்ப இஞ்சைதான் இருக்கிறா! ரத்தம் குடுக்க விரும்புற ஆக்கள் உடனடியா ஓடி வாங்கோ!"

"ஐயோ! ஐயோ! அப்பிடிச் சொல்லாதேங்கோ ஐயா!" எண்டு நான் கத்தினன்.

அதிலை முதல் ரெண்டு ஐயோவும் வடிவா மைக்கிலை விழுந்திட்டுது.

பிறகென்ன! கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்த ஆக்கள் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடி வருகினம். சைக்கிளிலை வருகினம். ஒராள் தலையிலை சவர்க்கார நுரையோடை வந்தவர்.

"பிள்ளை எங்கை? மூச்சிருக்கோ?"

"நான்தான் அண்ணை அது! எனக்கு ஒண்டுமில்லை!"

"ரத்தமில்லாத ஆக்கள் கதைக்கக்கூடாது!" புவனேசக்கா என்னைப் பிடிச்சு, பக்கத்திலை கிடந்த நீட்டு மர வாங்கிலை கிடத்திப்போட்டு, சீலைத் தலைப்பாலை காத்து விசுக்கினா. தலைப்பிலை நல்ல மீன் வாசம்.

மிஸ்ஸி பாவம். "இது இந்தப் பிள்ளைக்கில்லை, ஆஸ்பத்திரிக்கு! விருப்பமெண்டால் மட்டும் குடுங்கோ!" எண்டு வந்த ஒவ்வொருத்தருக்கும் தொண்டை கிழியச் சொன்னா.

சவர்க்கார நுரை அண்ணை யோசிச்சார். "ஆருக்கெண்டால் என்ன? பாதிக் குளிப்பிலை ஓடி வந்தனான். சும்மா திரும்பிப் போனால் மனுசி சிரிப்பா. எடுங்கோ."

அவருக்குப் பின்னாலை நிண்டவையும் போகேல்லை. நான் இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தக் கதைச்சும் எழும்பாத சனம், இப்ப வாசல் தாண்டி வரிசையிலை நிக்குது!

நான் வாங்கிலை கிடந்து, ரத்தம் குடுத்த ஆக்களுக்கெண்டு வைச்சிருந்த பிஸ்கற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன். அப்ப வாசல்லை ஒரு ஓட்டோ பிறேக் அடிச்சுது.

அம்மா! கோப்பாயிலை இருந்து!

மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தையிலை மீன் வாங்க நிண்ட சித்தி அறிவித்தலைக் கேட்டிட்டா. நான் அங்கை போறது அவவுக்குத் தெரியும். உடனை அம்மாவுக்குப் போன்: "அக்கா, உன்ரை மகளுக்கு ரத்தம் இல்லையாம், ஸ்பீக்கரிலை சொல்லுறாங்கள்!"

அம்மா குழறிக்கொண்டு ஓடி வந்தா. என்னைக் கண்டா. என்ரை வாயிலை பிஸ்கற்றைக் கண்டா. அழுகை நிண்டுது. மிஸ்ஸி மெதுவா விசயத்தைச் சொன்னா.

அம்மா கண்ணைத் துடைச்சுப்போட்டு என்னை ஏற இறங்கப் பாத்தா. அந்த நேரம் பாத்துத் தலைவர், "தாயார் வந்திருக்கிறா, ரெண்டு வார்த்தை கதைப்பா" எண்டு மைக்கை நீட்டினார்.

"எடியே! கீரை தின், கீரை தின் எண்டு எத்தினை தரம் சொன்னனான்! ஆக்கி வைக்கிற முருங்கை இலை வறையை எனக்குத் தெரியாமல் நாய்க்கு வைக்கிறனி! காலமையிலை வெறும் தேத்தண்ணியோடை ஓடுறனி! உனக்கு எங்கையடி ரத்தம் ஊறும்? நாய்க்குத்தான் ஊறியிருக்கும்! அதைக் கூட்டிக்கொண்டு வந்து குடுக்கச் சொல்லு!"

"அம்மா... மைக்..."

"கேக்கட்டும்! எல்லாரும் கேக்கட்டும்!"

கேட்டிச்சினம். கடல்லை நிண்ட வள்ளத்துக்கும் கேட்டிருக்கும்.

நிரோஜா சிரிச்சுச் சிரிச்சு நிலத்திலை இருந்திட்டாள். மிஸ்ஸி விடேல்லை. "நீர் எழும்பும், உம்மடை விரலைத் தாரும்!" அவளின்ரை துளி கல்லு மாதிரி அடியிலை போய் இருந்துது. குடுத்திட்டு வந்து என்னை முறைச்சாள். "உது எறும்பில்லையடி, குளவி!"

மிஸ்ஸியின்ரை பெட்டி நிரம்பிட்டுது. போகேக்கை புவனேசக்கா ஒரு பை நண்டை அம்மாவின்ரை கையிலை குடுத்தா. "முருங்கை இலை போட்டுக் காய்ச்சிக் குடுங்கோ. நாயைக் கட்டி வையுங்கோ."

இரும்புச்சத்துக் குளிசை விழுங்கி விழுங்கி, போன மாசம் நானும் ஒரு மாதிரிக் குடுத்திட்டன். நீங்களும் கட்டாயம் போய்க் குடுங்கோ.

மைக் வைச்சிருக்கிற ஆளுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.