மூன்றாம் பாறையின் வாட்ச்மேன்

“மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்” என்று காது டாக்டர் மேஜைமேல் ஓர் உறையை வைத்தபோதே, உள்ளே என்ன இருக்கிறதென்று டிராவல்ஸ்காரருக்குத் தெரிந்துவிட்டது. அதே மாதிரி உறைகளில்தான் அவர் ஊராருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் பெயர் எழுதிய உறையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

டாக்டருக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் வக்கீலம்மாவும் நின்றிருந்தார்கள். மூவரும் கடையின் பழைய வாடிக்கையாளர்கள். குழந்தைக்குத் தெரியாமல் பொம்மை வாங்கி வந்தவர்களின் பூரிப்பு மூவர் முகத்திலும்.

“கடைக்கு இது வெள்ளி விழா வருஷம். அக்கா இல்லாத முதல் வருஷமும் இதான்” என்றார் வக்கீலம்மா, மாலை போட்டிருந்த டிராவல்ஸ்காரர் மனைவியின் படத்தைப் பார்த்தபடி. “எங்களயெல்லாம் நீங்க அனுப்பி வெச்சீங்க. இந்தத் தடவ நாங்க உங்களக் கூட்டிட்டுப் போறோம். அதே தீவு, அதே படகு, அதே டைவிங் மாஸ்டர்.”

“அதே மீனு!” என்றார் கண்ணாடிக்காரர்.

டிராவல்ஸ்காரர் சிரித்துவைத்தார். உறையைத் திறக்காமலே மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

அந்த வட்டாரத்தில் ஸ்கூபா டைவிங் என்றால் அவர் கடைதான். சுவரில், முகத்தில் மாஸ்க்கும் முதுகில் சிலிண்டருமாக ஓர் ஆள் பவழப் பாறைமேல் மிதக்கும் பெரிய படம். அது தான்தான் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. தான் இல்லை என்றும் சொன்னதில்லை. உண்மையில் அவர் தலைமேல் அதிகபட்சமாக விழுந்த தண்ணீர், குளியலறைக் குவளையிலிருந்து விழுந்ததுதான்.

எல்லாவற்றுக்கும் அந்த மீன்தான் காரணம்.

கடை ஆரம்பித்த புதிதில் ஒருநாள் மத்தியானம், அப்போதுதான் கல்யாணமாகியிருந்த காது டாக்டர் மனைவியுடன் வந்தார். அவருக்கு மலை வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கடல். இருவரும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு எழுந்திருக்கப் போனபோது, கல்லாவில் உட்கார்ந்திருந்த டிராவல்ஸ்காரரின் மனைவி சொன்னாள்: “அந்தத் தீவுல, மூணாவது பாறகிட்ட ஒரு பெரிய நீல மீன் நிக்கும் தெரியுமா? வாட்ச்மேன் மாதிரி. வர்றவங்கள மேலயும் கீழயும் ஒரு பார்வ பாத்துட்டு, அப்புறந்தான் வழி விடும். நாங்க பாத்திருக்கோமே. ஏங்க, சொல்லுங்களேன்!”

அவர் தலையாட்டினார். வேறென்ன செய்வது?

அவர்கள் தீவுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு போன பிறகு, “எந்த மீனுடி?” என்று கேட்டார்.

“ரெண்டும் போற வழியெல்லாம் சண்ட போடுற மாதிரி தெரிஞ்சுது. பேசிக்க ஒரு மீனாச்சும் இருக்கட்டுமேன்னு சொன்னேன்.”

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் டாக்டர் தம்பதி திரும்பி வந்து வாசலிலிருந்தே கத்தினார்கள். “அக்கா! பாத்தோம்க்கா! அப்படியே நீங்க சொன்ன மாதிரியே நிக்குது!”

அன்று ராத்திரி டிராவல்ஸ்காரருக்கும் மனைவிக்கும் சோறு இறங்கவில்லை. “நான் சொன்னது கடலுக்குக் கேட்டுடுச்சு போல” என்றாள் அவள். அதன்பின் போன ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள். அது கிழக்கே பார்த்து நிற்கிறது என்றார் டாக்டர். வடக்கே என்றார் வக்கீலம்மா. ஒரு தடவை கடையில் வைத்தே இருவருக்கும் பேச்சு முற்றி, “ஏன், மீனு திரும்பவே திரும்பாதா?” என்று கண்ணாடிக்காரர் மத்தியஸ்தம் செய்ய வேண்டியிருந்தது. அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். கடல் தன் வார்த்தையைக் காப்பாற்றுகிறது என்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அவள் இறந்துபோன வாரத்தில், டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடை போனை வக்கீலம்மா எடுத்துப் பேசினார். கடையின் ஷட்டரைக் காலையில் தூக்கி, சாயங்காலம் இறக்கியது கண்ணாடிக்காரர். இந்த மூன்று பேரிடம் எந்த வாயால் மாட்டேன் என்பது?

போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. தண்ணீரைப் பார்த்து அவர் திருதிருவென்று விழிப்பதை வைத்தே, முதல் தடவை இறங்கும் ஆள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் ‘நாங்க பாத்திருக்கோமே’ என்று அவள் சொன்னது என்ன ஆவது? தன் மானம் போனால் போகட்டும். வந்து பதில் சொல்ல முடியாத இடத்தில் இருப்பவள் பொய்க்காரி ஆகிவிடக் கூடாது.

ஆகவே அவர் முதல் சாக்கை எடுத்து விட்டார்.

“டாக்டர், காதுதான் கொஞ்ச நாளா அடைச்ச மாதிரி…”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. டாக்டர் பையிலிருந்து டார்ச்சை எடுத்தேவிட்டார். கடை நாற்காலியிலேயே அவரைச் சாய்த்து இரண்டு காதையும் சுத்தம் செய்தார்.

“சார், இந்த வயசுல இப்படி ஒரு காத நான் பாத்ததே இல்ல. கடலடிக்குப் போறதுக்குன்னே செஞ்ச காது!”

அன்று முதல் அடுத்த தெருவில் குக்கர் விசில் அடித்தாலும் அவருக்குக் கேட்டது. மகள் மாடியில் போனில் கிசுகிசுப்பதும் கேட்டது. “அப்பா, யாருப்பா உன் காதத் தொறந்து விட்டது? எனக்கு வீட்டுல நிம்மதியே போச்சு” என்றாள் மகள்.

இரண்டாவது சாக்கைக் கண்ணாடிக்காரரிடம் சொன்னார். “கண்ணாடி இல்லாம எனக்கு எதிர்ல நிக்கிறது ஆளா தூணான்னே தெரியாது. மாஸ்க்குக்குள்ள கண்ணாடி போட முடியாதே. கெட்டிக்கார மீனு, நான் அதப் பாக்கலன்னா கோவிச்சுக்கும்.”

“முன்னாடி அக்காவோட போனப்ப எப்படிப் பாத்தீங்க?”

“அப்ப கண்ணு நல்லாருந்துது.”

நாலாம் நாள் அவர் பவரிலேயே கண்ணாடி பதித்த மாஸ்க் வந்து சேர்ந்தது. கண்ணாடிக்காரர் அதைத் தன் கையாலேயே அவருக்கு மாட்டி, கடை வாசலில் நிறுத்தி, எதிர்க் கடைப் பலகையைப் படிக்கச் சொன்னார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

“எறும்போட மீச தெரியுதா சார்?”

“தெரியுது” என்றார் டிராவல்ஸ்காரர், மூக்கு அடைத்த குரலில்.

கடைசிச் சாக்கு, கடை. “சீசன் நேரம். கடைய யாருகிட்ட விட்டுட்டு வர்றது?” என்று அவர் வக்கீலம்மாவிடம் இழுக்கும்போதே, உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. “நான் பாத்துக்கறேன் ஆன்ட்டி! ஒரு மாசம் வேணாலும் வெச்சிருந்து அனுப்புங்க!”

அன்று வீட்டில் அவர் மகளைப் பிடித்துக்கொண்டார். “சொந்த அப்பனத் தண்ணில தள்ளுறியே, நியாயமா? நானும் உங்கம்மாவும் போனதில்லன்னு உனக்குத் தெரியுந்தானே?”

“தெரியும். அம்மா போனதுலேர்ந்து நீ அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கலங்கறதும் தெரியும். போய் அம்மாவோட மீனப் பாத்துட்டு வா.”

“பயமா இருக்குடி.”

“பயந்துகிட்டே போ. ஒருநாள்ல திரும்பிடப் போற.”

வேறு வழியில்லை. பார்த்தவர்களிடமே பக்குவமாகத் தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். டாக்டரிடம் நைசாகக் கேட்டார்: “நாள் ஆயிடுச்சு டாக்டர், எனக்கு மறந்தே போச்சு. உள்ள போறப்ப காதுல எப்படி இருக்கும்?”

டாக்டர் ஏனோ ஸ்டெதஸ்கோப்பைத் துடைக்க ஆரம்பித்தார். “அது… அக்கா சொல்லுவாங்களே சார். பூட்டு தொறந்த மாதிரி டிக்குனு இருக்கும்னு. அதே மாதிரிதான்.”

வக்கீலம்மாவிடம், மூச்சு விடுவதைப் பற்றிக் கேட்டார். கோர்ட்டில் யாரையும் பேசவிடாத அந்த அம்மாள் ஒரு கணம் தடுமாறினார். “நீங்க ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவீங்களே, அவசரப்படாம விடணும்னு. அப்படியேதான் விட்டேன்.”

தானும் மனைவியும் புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்களே என்று டிராவல்ஸ்காரருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஆனால் உபயோகமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

மிச்சமிருந்தது பக்கெட். தினமும் காலையில் குளியலறையில் பக்கெட்டை நிரப்பி, பவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, தலையை உள்ளே விட்டார். முதல் நாள் மாஸ்க் நழுவி, மூக்கில் தண்ணீர் ஏறி, வீடே அதிர இருமினார். மகள் கதவைத் தட்டினாள்.

“அப்பா, என்ன மீனு தெரியுது?”

“சோப்பு டப்பா தெரியுது” என்றார் அவர், தும்மலுக்கு நடுவே.

இப்படியாக அந்த நாளும் வந்தது.

தீவின் படகுத்துறையில் டைவிங் மாஸ்டர் காத்திருந்தார். கறுத்து மெலிந்த, பல் மட்டும் பளிச்சென்ற ஆள். இத்தனை வருடமும் போன் குரலாக மட்டுமே தெரிந்தவர். ஒவ்வொரு முறையும் “உங்க ஆளுங்க நல்லபடியா வந்துட்டுப் போனாங்க சார்” என்ற ஒரே வரியைத்தான் சொல்வார். இப்போது அவர் டிராவல்ஸ்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உங்களாலதான் சார் என் அடுப்பு எரியுது. அக்கா தவறிட்டாங்கன்னு சொன்னாங்க. ரெண்டு நாள் நான் படகு எடுக்கல.”

டிராவல்ஸ்காரரும் அவர் கைகளை விடாமல் பிடித்துக்கொண்டார். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படகு மூன்றாவது பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றது. யாரும் கேட்காமலே படகோட்டி பெஞ்சில் மூன்று மெத்தைகளைப் போட்டார். வக்கீலம்மா பையிலிருந்து பிஸ்கட்டும் பிளாஸ்க்கும் எடுத்தார். கண்ணாடிக்காரர் சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்கினார். கையில் தலையணையோடு டாக்டர் நிழல் விழும் மூலையாகப் பார்த்துச் சாய்ந்தார்.

“நீங்கள்லாம் எறங்கலையா?” என்றார் டிராவல்ஸ்காரர், கலவரத்தோடு.

“எனக்கு முழங்கால் சார்” என்றார் டாக்டர்.

“நான்தான் எத்தனையோ தடவ பாத்தாச்சே” என்றார் கண்ணாடிக்காரர்.

“பையெல்லாம் அப்புறம் யாரு பாத்துக்கறது?” என்றார் வக்கீலம்மா. “இது உங்களுக்கும் அக்காவுக்கும் உள்ள மீனு. நீங்க தனியாப் போய்ப் பாக்கறதுதான் மொற.”

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தபடியே அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்தார். மாஸ்டர் அவர் முதுகில் சிலிண்டரை ஏற்றினார். கடல் கீழே வெகு தூரம் வரைக்கும் தெரிந்தது. பக்கெட்டில் அடி தெரிந்தது. இங்கே அடி என்று ஒன்று தெரியவில்லை. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பயத்துக்குள்ளே இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. அவள்தான் இல்லையே, இனி யாருக்காக அது அங்கே நிற்க வேண்டும்? ஒருவேளை அதுவும் போயிருந்தால்? இறங்கி ஏறி, இல்லை என்று எப்படி இந்த மூன்று பேரிடம் சொல்வது?

பின்னால் பெஞ்சிலிருந்து மூவரும் கையாட்டினார்கள். “அக்காவக் கேட்டதாச் சொல்லுங்க சார்!” என்று டாக்டர் கத்தினார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, “மீனத்தான் சொன்னேன்” என்றார்.

அவளுக்கென்று மூன்று பேர் நடுக்கடல்வரை வந்திருக்கிறார்கள். டிராவல்ஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாஸ்க்கை இறக்கிவிட்டார். எது நடந்தாலும் இறங்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு” என்றார் மெதுவாக. “அந்த வாட்ச்மேன் மீனு… இன்னிக்கு இருக்குமா?”

மாஸ்டர் பெல்ட்டை இறுக்குவதை நிறுத்தினார். பெஞ்சை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

“எனக்கெப்படி சார் தெரியும்? தெனம் எறங்குற நான் அத இதுவரைக்கும் பாத்ததே இல்ல. உங்க கடைலேர்ந்து வர்றவங்க ஒருத்தர்கூட இந்தப் பெஞ்ச விட்டு எறங்கினதும் இல்ல. கரைக்குத் திரும்பும்போது மட்டும், ‘அந்த மீனு எந்தப் பக்கம் பாத்து நிக்கும்னு சீக்கிரம் சொல்லுங்க மாஸ்டர், போனதும் அக்கா கேப்பாங்க’ம்பாங்க.”