பேக்கப் அண்ணனின் மூன்றாவது பிரதி

எங்கள் பேக்கப் அண்ணனைப் போல எதையும் நம்பாத ஒரு மனிதரைச் சிலாங்கூர் மாநிலத்தில் எங்கேயாவது காட்டுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். பூட்டை நம்ப மாட்டார், வானத்தை நம்ப மாட்டார், மின்சாரத்தை நம்பவே மாட்டார். சாமியைக்கூட மொத்தமாக நம்பியதில்லை. ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் மூன்று கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குவார். ஏன் என்று கேட்டால், "ஒரு சாமி டவுன் ஆயிட்டா இன்னொரு சாமி ஓடிக்கிட்டு இருக்கணும் லா" என்பார்.

கோல சிலாங்கூரிலிருந்து ஈஜோக் போகிற சாலையில், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, எங்களுடையது. எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. அவர் வீடும் என் வீடும் ஒரே சுவர். அண்ணன் செம்பனை ஆலையில் ஸ்டோர் கிராணியாக, சரக்குக் கணக்கு எழுதி, ஓய்வு பெற்றவர். ஒருநாள் ஆலைக் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ள, இருந்த ஒரே சரக்குப் பட்டியலும் அதோடு போய்ச் சேர, மூன்று மாதம் உட்கார்ந்து ஆணியையும் போல்ட்டையும் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். அந்த மூன்று மாதத்தில்தான் அவருக்கு ஏதோ ஒரு மரை கழன்றது என்பது என் கருத்து.

அன்று முதல் அவருக்கு வேதம் ஒன்றுதான்: "எதுவானாலும் மூணு இருக்கணும். அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்கணும்." வீட்டுச் சாவி ஒன்று அவர் இடுப்பில், ஒன்று என் சமையலறை ஆணியில், ஒன்று முடிவெட்டும் கடையில். மூக்குக்கண்ணாடியும் அப்படியே. என் வீட்டு அலமாரியில், விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில், அவருடைய இன்னொரு பல்செட் ஒரு டப்பாவுக்குள் சிரித்துக்கொண்டிருக்கும். அவர் மனைவி தனம் அக்காவிடம் ஒருநாள், "எல்லாத்துலயும் மூணு வச்சிருக்காரே, உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன். "மத்த ரெண்டு பேரையும் வரச் சொல்லும்மா. துணி மடிக்க ஆள் இல்லாம கெடக்கேன்" என்றார்.

ஓய்வு பெற்றதும் அண்ணன் நாலு ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து நடு அறையில் வைத்தார். வீட்டு சர்வர். எங்கள் கைப்பேசியில் இருக்கிற படம், வீடியோ, பத்திரம் எல்லாம் தானாகவே அந்தப் பெட்டிக்கும் போய்ச் சேரும். "இதுக்குத்தான் கிளவுட் இருக்கே அண்ணே" என்றேன். "அது வாடகை வீடு. வீட்டுக்காரன் பூட்டுப் போட்டுட்டா ரோட்டுல நிப்பியா?" என்றார். பெட்டி சூடாகக் கூடாதென்று அந்த அறைக்கு மட்டும் ஏர்கோன் போட்டார். புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில் புழுங்கினார்கள். வெயில் நாட்களில் நாங்கள் பெண்கள் எல்லோரும் முருங்கைக்கீரையைத் தூக்கிக்கொண்டு போய் சர்வர் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்வோம்.

பதினோரு வீட்டுக் கைப்பேசிகளையும் பெட்டியோடு இணைத்துவிட்டு, எங்களை உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்.

"சிங்க் வேற, பேக்கப் வேற. சிங்க் கண்ணாடி மாதிரி. நீ மீசைய வழிச்சா கண்ணாடியில உள்ளவனுக்கும் மீசை போயிடும். பேக்கப் போட்டோ மாதிரி. நீ எத வழிச்சாலும் போட்டோல மீசை இருக்கும். அதனால போன்ல ஒண்ண அழிச்சா பெட்டியிலயும் அழிஞ்சிடும். மண்டையில ஏத்திக்குங்க."

போட்டோ எங்கே இருக்கிறது என்றால், சுங்கை ஆயர் தாவாரில், அவருடைய அக்கா வீட்டில். அங்கே ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். மாதம் ஒருமுறை லேப்டாப்போடு போய், பெட்டியில் உள்ளதையெல்லாம் அதில் ஏற்றிவிட்டு வருவார். நாங்கள் நன்றாகத் தலையாட்டினோம். தனம் அக்கா போட்ட கறிபாப் சூடாக இருந்தது, கவனமெல்லாம் அதில்தான்.

எங்களுக்கெல்லாம் அந்தப் பெட்டி ஒரு வசதி. கடைசி வீட்டு வள்ளியம்மை அக்காவுக்கு அதுதான் வாழ்க்கை. தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பெற்றவர்கள் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதில், ஐம்பத்தேழு வயதிலும் கையில் சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருகிற அடையாள அட்டை. நீல ஐசிக்கு, அதாவது குடியுரிமைக்கு, மனுப் போட்டுவிட்டு அலைந்துகொண்டிருந்தார். இந்த மண்ணில்தான் பிறந்தார் என்று காட்ட அவரிடம் இருந்தது மூன்று தாள்: தோட்டத்து ஆஸ்பத்திரி அட்டை, தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ், அவர் அம்மாவின் வேலை அட்டை. அண்ணன் நச்சரித்து நச்சரித்து அவற்றை ஸ்கேன் செய்து வைத்த ஆறாவது மாதம், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து அசல் மூன்றும் கஞ்சியாகிவிட்டன. நகல் இருந்தால் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்று கவுன்டரில் சொல்லி, ஒரு திங்கட்கிழமை நேர்காணலுக்கும் வரச் சொல்லியிருந்தார்கள்.

இனி இடிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் மத்தியான மழையோடு வருகிற மின்னல், கம்பி வழியாக வீட்டுக்குள் புகுந்து சாமான்களைச் சுட்டுவிட்டுப் போகும். அதனால் வானம் உறுமினால் அண்ணன் எங்கே இருந்தாலும் ஓடுவார், பெட்டியின் பிளக்கைப் பிடுங்க. என் மகள் கல்யாணம் சுங்கை பெசார் மண்டபத்தில் நடந்தது. தாலித் தட்டு இன்னும் சபையைச் சுற்றி வரவில்லை. வெளியே ஓர் இடி. அண்ணன் எழுந்தார், கையில் இருந்த அட்சதையை மேடையைப் பார்த்து வீசினார், "நல்லா இருங்க" என்றார், போய்விட்டார். மேடையில் அப்போது நின்றது மாப்பிள்ளைத் தோழன் மட்டும்தான். வீடு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். போனபோது மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்ததாம்.

இப்படியே ஓடி, ஒருநாள் சந்தையிலிருந்து வரும் வழியில் வாய்க்கால் பலகையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். நாலு மாதம் கட்டு. அந்த நாலு மாதமும் சுங்கை ஆயர் தாவார் பயணம் இல்லை.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். மகள் கல்யாண வீடியோ மூன்று கேமராவில் எடுத்தது, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். அண்ணனுக்குக் கால் முறிவதற்கு முன்பே அத்தனையையும் பெட்டியில் ஏற்றிவிட்டேன். பெட்டி நிரம்பத் தொடங்கியது. கடைசியில் என் மகளின் வளைகாப்புப் படங்கள் ஏற மறுத்தன. கட்டுப் போட்ட மனிதரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அந்தப் பெட்டியில் ஒரு குப்பைக்கூடை உண்டு. யாராவது எதையாவது அழித்தால் முப்பது நாள் அதில் கிடக்கும். என் தொல்லை தாங்காமல் அண்ணன் அதைக் காலி செய்து, அந்த வசதியையும் நிறுத்தி, இடம் பிடித்துக் கொடுத்தார். "மனசே இல்ல தங்கச்சி" என்றார். எனக்கு வளைகாப்புப் படம் ஏறியது, அவ்வளவுதான் தெரியும்.

நேர்காணலுக்கு முந்தின சனிக்கிழமை வள்ளியம்மை அக்காவின் கைப்பேசி, இடம் இல்லை என்று அடம்பிடித்தது. உள்ளே முழுக்கக் காலை வணக்கம் சொல்கிற பூப்படங்கள். அவற்றை அழிக்க அக்காவுக்கு மனம் வரவில்லை, பாசமாக அனுப்பியவர்கள் ஆயிற்றே. அண்ணன் பெட்டியில் பத்திரமாக இருப்பதை அழித்தால் போச்சு என்று, அந்த மூன்று தாளையும் அழித்துவிட்டார்.

ஞாயிறு காலை, பிரிண்ட் எடுக்க நேரே பெட்டியிடம் வந்தார். நானும் அங்கேதான் கீரையோடு இருந்தேன். அண்ணன் திரையைப் பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார்.

"ஏம்மா வள்ளி, போன்ல ஏதாச்சும் அழிச்சியா?"

"ஆமாண்ணே. அதான் இங்க இருக்குல்ல."

அண்ணன் குப்பைக்கூடை இருந்த இடத்தைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எங்க அக்கா வீட்டுல ஒண்ணு இருக்கு" என்றார் மெதுவாக. "ஆனா நாலு மாசமா தெறந்து பாக்கல. தெறந்து பாக்காத பேக்கப்ப இருக்குன்னு சொல்ல முடியாது."

நான் கீரையைப் போட்டுவிட்டு காடியை எடுத்தேன். அவசரமான அந்த நேரத்திலும் அண்ணன் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி, மாற்று டயர் ஒன்றுதான் இருக்கிறது என்று பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் ஏறினார். சுங்கை பெசார் வயல்களைத் தாண்டினோம். அப்புறம் பின்னாலிருந்து வள்ளியம்மை அக்கா, "இல்லாட்டி போகட்டும்ணே. இத்தன வருசம் செவப்பு ஐசியோடதான இருந்தேன். செத்தா அதையும் சேத்து வச்சு எரிச்சிருங்க" என்றார், ஏதோ எங்களுக்கு ஆறுதல் சொல்வதுபோல. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

அண்ணனின் அக்கா பாப்பாத்தி அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வாசலிலேயே அண்ணன் கேட்டார்: "அக்கா, டிஸ்க் எங்க?"

"சாமி மேடையில."

போய்ப் பார்த்தால், முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் ஹார்ட் டிஸ்க் வீற்றிருக்கிறது. நெற்றியில் திருநீற்றுப் பட்டை, இடுப்பில் மல்லிகைச் சரம், ஒயர் சொருகும் துளை மேல் சந்தனம் அப்பிக் குங்குமப் பொட்டு. பக்கத்தில் விளக்கு எரிகிறது. நாலு மாதச் சாம்பிராணியில் டிஸ்க் பழுப்பேறிக் கிடந்தது.

"என்னாக்கா இது?"

"நீ கால் ஒடிஞ்சு படுத்துட்டன்னாங்க. என்னால வர முடியல. உன் சாமான்னு எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான். அத வச்சு வேண்டிக்கிட்டேன். இப்ப நடக்கிறியா இல்லியா?"

அண்ணன் கையை நீட்டினார்.

"கைய எடுடா. வெளக்கு எரியுது. அதுவா மலையேறட்டும்."

எண்ணெய் அப்போதுதான் ஊற்றியிருந்தார். ஒன்றரை மணி நேரம் நாங்கள் மூவரும் அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வள்ளியம்மை அக்கா டிஸ்க்கைப் பார்த்துக் கும்பிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கும்பிட்டேன்.

விளக்கு மலையேறியதும் அண்ணன் ஒரு பழைய பல்துலக்கியை வாங்கி வேலையை ஆரம்பித்தார். சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. கூடவே வைத்திருந்த ஒயரிலும் அதே கதை, பிடித்து இழுத்ததில் தலை உடைந்து வந்துவிட்டது. மாற்று ஒயர்? ஒன்று அவர் வீட்டில், ஒன்று என் வீட்டில், ஒன்று முடிவெட்டும் கடையில். "மூணு இருந்து என்னடா புண்ணியம்" என்றார் பாப்பாத்தி அம்மா. அவரே பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம், அந்த மலாய்க்கார அம்மாவிடம், போய் அதேபோல் ஓர் ஒயர் வாங்கி வந்தார். மாக்சிக் கொரிய நாடகங்களை ஒரு டிஸ்க்கில் சேர்த்து வைத்திருப்பவர். கதாநாயகன் மனதைச் சொல்லப் போகிற கட்டமாம், சாயங்காலத்துக்குள் ஒயர் திரும்பி வர வேண்டும் என்று நிபந்தனை.

சொருகினார். விளக்கு மினுக்கியது, திரையில் ஒன்றும் வரவில்லை. டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். "சுத்துது" என்றார். லேப்டாப்பின் வேறு துளையில் மாற்றிச் சொருகினார். வந்தது.

வீட்டுக்கு ஒன்றாக வரிசையாகப் பெயர்கள். 'வள்ளியம்மை' என்பதைத் திறந்தார். மூன்று தாளும் இருந்தன. அக்கா கிட்டே போய் வேலை அட்டையில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, "எங்கம்மா பேரு" என்றார். அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை, நானே அழுதுகொண்டிருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரிசையை மறுபடி பார்த்தபோதுதான் எண்ணினேன். பதினொன்று.

"அண்ணே, உங்க வீட்டுது எங்க?"

"எடம் பத்தல லா."

"ஏன் பத்தல?" என்று கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"கல்யாண வீடியோ பெருசுல்ல. பொண்ணு கல்யாணம் ஒரு தடவதான. எங்களுது வீட்டுப் பெட்டியில ஒண்ணு இருக்கு, போதும்."

மாற்றுப் பல்செட்டுக்குக்கூட இடம் தேடிய மனிதர், தன் கல்யாணப் படத்தையும் செத்துப்போன தாயின் படத்தையும் ஒரே ஒரு பிரதியாக, ஓர் இடி விழுந்தால் போகிற நிலையில் விட்டுவைத்திருந்தார். திரும்பி வரும் வழி முழுக்க என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் நேர்காணலுக்கு அண்ணனும் கூடப் போனார், மூன்று செட் நகலோடு. கவுன்டரில் ஒன்று போதும் என்றார்களாம். மூன்றையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். பல மாதம் கழித்து நீல ஐசி கிடைத்தது. வள்ளியம்மை அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"நான் இங்கதான் பொறந்தேன்னு இத்தன நாளா தெரிஞ்சது உங்க பெட்டிக்கு மட்டும்தாண்ணே."

"பெட்டிக்கு என்னா தெரியும்? எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன். ஐசியை இரண்டு கையாலும் வாங்கி, பெயரையும் பிறந்த இடத்தையும் சத்தமாகப் படித்தார். தனம் அக்கா கேசரி கிளறினார். வரிசை முழுக்கச் சாப்பிட்டோம்.

நான் இன்னொன்றும் செய்தேன். சுங்கை ஆயர் தாவார் போய் வந்த அந்த வாரமே ஒரு புது டிஸ்க் வாங்கினேன். கல்யாண வீடியோவை அண்ணன் பெட்டியிலிருந்து இறக்கி, குப்பைக்கூடையைத் திரும்பப் போடச் சொன்னேன். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, தனம் அக்காவும் நானும் அவர்கள் வீட்டுப் படங்கள் அத்தனையையும் புது டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டோம். அது என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் எந்தத் தேதியில் எடுத்தாய், சரிபார்த்தாயா என்று உயிரை வாங்கிவிடுவார்.

மாதம் ஒருமுறை நான் அதைத் திறந்து பார்க்கிறேன். முதல் படத்தில், பெரிய காலர் சட்டையும் படிய வாரிய தலையுமாக, புதுப்பெண்ணான தனம் அக்காவுக்குப் பக்கத்தில் அண்ணன் மிரண்டுபோய் நிற்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன். நன்றாகத்தான் இருக்கிறார். மூடிவைத்துவிடுவேன்.