இஸ்திரி போட்ட சிம்பொனி

மூன்றாம் பாகத்தில் இசைத்தட்டின் முள் மறுபடியும் மாட்டிக்கொண்டது. நூறு பேர் சேர்ந்து வாசித்த சிம்பொனி ஒரே இடத்தில் விக்கிக்கொண்டு நின்றது.

தையல்காரர் முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தார். மனைவி போய் எட்டு மாதமாகிறது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை அவள் வாசித்ததில் மிச்சமிருப்பது இந்த ஒரே இசைத்தட்டு. அதுவும் லேசுப்பட்ட தட்டா? மேடையில் வாசிக்கும்போதே பதிவு செய்தது. அந்த சிம்பொனியை அப்படி யாரும் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசிக்கவில்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கடையில் தேடினால் கிடைக்காது.

"பன்னிரண்டு வயோலாவுல அம்மாவோடது எதுன்னு எப்படிப்பா தெரியும்?" என்று மகள் கேட்பாள்.

"முப்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணவனுக்குத் தெரியாதா?"

ஓரத்திலிருந்து கொஞ்சம் கரகரப்பாக, பொறுமையாக வருகிறதே, அதுதான் அவள். அதில் அவருக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது.

தூசிதான் காரணம் என்று தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினார். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் கையோடு வந்துவிட்டது. ஈரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தார். மத்தியானம் போய்ப் பார்த்தால் தட்டு கிண்ணமாகியிருந்தது. வளைந்ததை நிமிர்த்தத் தையல்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஈரத்துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து அழுத்தினார்.

"அப்பா, அது பேன்ட் இல்லை," என்றாள் மகள். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னாள்.

துணியை எடுத்தால் அதன் நெசவு தட்டில் அப்படியே பதிந்திருந்தது. மனைவியைத் தூக்கிக் கொடுத்த அன்று அழாதவர், இப்போது விசித்து விசித்து அழுதார்.

மகள் அவரை டிரம்காரர் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அம்மாவோடு அதே இசைக்குழுவில் இருந்தவர். அவரிடம் அதே பதிவில் இன்னொரு தட்டு இருந்தது.

"தாராளமா எடுத்துக்கோங்க அண்ணே. நான் அடிச்சதை நானே எத்தனை தடவை கேக்குறது?"

தையல்காரர் தட்டின் உறை அட்டையில் மனைவியின் பேரைத் தேடிப் பிடித்துத் தடவினார்.

"இதைப் பதிவு பண்ண அன்னிக்குத்தான் எனக்குக் குடல் ஆபரேஷன். புருஷனை அங்க அறுத்துட்டிருக்காங்க, இவ இங்க ஜாலியா வாசிச்சிருக்கான்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக் காட்டுவேன். அவ சிரிச்சுக்கிட்டே உள்ள போயிடுவா. பாவி நான், எத்தனை வருஷம் சொல்லியிருக்கேன். இதுல அவ வாசிப்பைக் கேட்டாத்தான் மனசு ஆறும்."

டிரம்காரர் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அட்டையில நிரந்தர ஆளுங்க பேரை மொத்தமாப் போட்டுடுவாங்க அண்ணே. அதைப் பார்த்து நீங்க அவ்வளவு பெருமைப்பட்டீங்களாம், சொல்ல மனசு வரலைன்னு அண்ணி சொன்னாங்க. அன்னிக்கு அண்ணி நாற்காலியில வேற ஆள்தான் வாசிச்சாங்க. அண்ணி மேடைக்குப் போட்ட உடுப்போட உங்க ஆபரேஷன் ரூம் வாசல்ல நின்னுட்டிருந்தாங்க."