ஹுவேஷோ டிரைவரின் மீசை

ஓசூர் தாலுக்காவில் சீன பாஷைக்கென்று ஒரு அதிகாரியைப் போட்டிருந்தால், எங்கள் ஹுவேஷோ டிரைவரைத் தவிர அந்த வேலைக்கு மனுப் போட ஆளே இருந்திருக்காது.

ஓசூருக்கும் கெலமங்கலத்துக்கும் போகிற பஸ்ஸை ஓட்டியவர் அவர். கெலமங்கலத்தில் வாத்தியாராக இருந்த நான் தினமும் அதில்தான் போய் வந்தேன். ஜப்பான்காரனோடு நடந்த உலக யுத்தத்தின்போது அவர் அஸ்ஸாம் மலைப்பாதையில் மிலிட்டரி லாரி ஓட்டியிருக்கிறார். பக்கத்து சீட்டில் ஒரு சீனச் சிப்பாய். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கைகள் மட்டும் இருந்தன. அவற்றை ஆட்டி ஆட்டியே சிநேகமாகி, எந்த அசைவுக்குச் சீனத்தில் என்ன பேர் என்று கற்றுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

கையசைத்து வழியனுப்பினால் ஹுவேஷோ. 'வா' என்று கூப்பிட்டால் ஜாவ்ஷோ. 'வேண்டாம்' என்று கையை ஆட்டினால் பைஷோ. கை தட்டினால் கூஜாங். தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? பின்னால் வரும் லாரிக்கு வழிவிட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டும்போதே "ஜாவ்ஷோ!" என்று ஒரு கத்தல் போடுவார். திட்டுகிறார் என்று நினைத்து லாரிக்காரனும் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போவான்.

கண்டக்டர் பாஷா "ரைட்" சொன்னால் வண்டி நகராது. உள்ளே இருப்பவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கையை ஆட்டி "ஹுவேஷோ" சொன்னால்தான் கியர் விழும்.

"எதுக்குண்ணே இந்த வம்பு? தமிழ்லயே சொல்லக் கூடாதா?" என்பான் பாஷா.

"தமிழ்ல சொன்னா கன்னடத்துக்காரன் மொறைக்கிறான். கன்னடத்துல சொன்னா தெலுங்குக்காரன் மூஞ்சியத் திருப்பிக்கிறான். இந்த ஊரு எந்த ராஜ்யத்துக்குன்னு இன்னும் அடிச்சிக்கிட்டுக் கெடக்கறானுங்க. சீனத்துல சொன்னா எவனுக்காச்சும் கோவம் வருதா பாரு!"

வாஸ்தவம். யாருக்கும் கோபம் வந்ததில்லை.

ஆனால் பாஷாவுக்குச் சந்தேகம் விடவில்லை. "இது சீனமே இல்லண்ணே. அந்த ஆளு உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

"அவனா? சாவு பக்கத்துல நிக்கறப்ப எங்கூட ஒக்காந்திருந்தவன்டா அவன்! அவன் சொன்னது பொய்யின்னா இந்த மீசைய எடுத்துடறேன்."

மீசை என்றால் சாதாரண மீசையில்லை. வளைவில் பஸ்ஸுக்கு முன்னால் அதுதான் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் பெங்களூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு பட்டு விற்க ஒரு சீனக்காரர் வருவார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரை மடக்கிவிட்டார்கள். கூட்டம் கூடியது. டிரைவர் மீசையை நீவிக்கொண்டு முன்னால் வந்து, பலமாகக் கைதட்டி, "கூஜாங்!" என்றார். சீனக்காரர் பயந்துபோய் ஒரு பட்டுத் துண்டை எடுத்து நீட்டினார். டிரைவர் கையை ஆட்டி, "பைஷோ! பைஷோ!" என்றார். சீனக்காரர் துண்டை மடித்து உள்ளே வைத்தார்.

"பாத்தியாடா, புரிஞ்சிக்கிட்டாரு!"

"கை புரிஞ்சுதுண்ணே. வாய் புரியல."

பாஷா இந்துஸ்தானியில் விசாரித்தான். இப்படி ஒரு வார்த்தையைத் தன் வீட்டிலும் கேட்டதில்லை, ஊரிலும் கேட்டதில்லை என்று சீனக்காரர் சொல்லிவிட்டார். டிரைவர் நேராக எதிர்த்த சலூனுக்குள் போனார்.

அதன் பிறகு பஸ்ஸில் ஒரு ஹுவேஷோ இல்லை. பாஷா "ரைட்" என்றால் வண்டி போனது, "ஹோல்டான்" என்றால் நின்றது. இழவு வீட்டுக்குப் போகிற வண்டி மாதிரி இருந்தது. ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார்: "மீசை போனா மொளைச்சிடும் சார். அவன் உள்ளுக்குள்ள சிரிச்சிக்கிட்டேதான் எனக்குச் சொல்லிக் குடுத்தானோன்னு நெனச்சாத்தான் தாங்கல."

கொஞ்ச நாள் கழித்து அந்தச் சீனக்காரர் சைக்கிளை மேலே ஏற்றிவிட்டு எங்கள் பஸ்ஸிலேயே கெலமங்கலம் சந்தைக்கு வந்தார். பாஷா அவரோடு ஏதோ பேசிக்கொண்டே வந்தவன், திடீரென்று "ஹோல்டான்!" என்று அலறினான். நட்ட நடு ரோட்டில் வண்டி நின்றது.

"அண்ணே! சீனத்துலயும் ஊருக்கு ஊரு வேற வேற பாஷையாம்! இவரு தெக்கத்திக்காரராம். உங்க கூட்டாளி வடக்கத்திக்காரனா இருந்தா அவம் பேச்சு எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்கறாரு!"

பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வண்டிக்குள்ளேயே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு பாஷை உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பெரிய சீனாவுக்கு மட்டும் ஒரே பாஷைதான் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்!

"அப்ப அவன் பொய் சொல்லலியா?" டிரைவர் திரும்பாமலே கேட்டார்.

"சொல்லியிருக்க மாட்டாண்ணே. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

"எனக்குத் தெரியும்டா," என்றவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலையில் பாஷா மீசையில்லாமல் வந்து நின்றான். டிரைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் பலமாகத் தட்டினார். "கூஜாங்!" அன்றைக்கு நாங்கள் எல்லோரும் போட்ட ஹுவேஷோ ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. கடைசி நாள் ஓசூரில் இறங்கி அவர் ஜன்னலருகே போய் நின்றேன். அவர் கை மேலே போய் ஆடியது. எத்தனையோ பேரைச் சத்தம் போட்டு வழியனுப்பிய வாயில் அன்றைக்கு வார்த்தை வரவில்லை. அவருக்கும் சேர்த்து நானே சொன்னேன், "ஹுவேஷோ."